மத்தியானத் தள்ளாட்டம்

“குழந்தை குடிச்சிருக்கு டாக்டர்.”

டீச்சர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொன்னாள். அவள் மடியில் நாலு வயதுப் பையன் தலை நிற்காமல் சாய்ந்து கிடந்தான். பந்தயத்தில் ஓடிவந்தவன் போல மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினான்.

இது மூன்றாவது தடவை. காலையில் பள்ளிக்கூடத்துக்குள் துள்ளிக்கொண்டு வருகிற பிள்ளை, மத்தியானம் ஆனால் கால் பின்னி, நாக்குக் குழறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். முதல் தடவை மற்ற வாண்டுகளெல்லாம் இது ஏதோ புது விளையாட்டு என்று அவன் பின்னாலேயே தள்ளாடிக் காட்டின. டீச்சரும் சேர்ந்து சிரித்துவிட்டாள். இந்தத் தடவை அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்துவிட்டாள்.

பையனைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினார்கள். ரத்தம் எடுத்தார்கள். புறங்கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். அவன் அழக்கூட இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

டீச்சர் போன் போட்டு வரவழைத்த குழந்தைகள் நல அதிகாரி அம்மாள், நோட்டைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். “யார் மேல சந்தேகம் உங்களுக்கு?”

“அவங்க அப்பா மேலதான் மேடம். கிட்ட வந்தாலே குப்புன்னு ஸ்பிரிட் வாடை. தண்ணி பாட்டில்ல எதையாவது கலந்து அனுப்புறாரோ என்னமோ! தாயில்லாப் பிள்ளை, எலும்பும் தோலுமா இருக்கான். டப்பாவைத் திறந்தா நாலு வாய் சாப்பாடு. அவரைக் கேட்டா, ‘வெளியில எதுவும் குடுத்துடாதீங்க மிஸ்’னு வீறாப்பு வேற.”

அவள் வயிற்றெரிச்சலில் பொய் இல்லை. அந்த டப்பாவைப் பார்த்த நாளிலிருந்து, அவனுக்கென்று எதையாவது எடுத்து வைக்காமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. பெற்றவருக்கு இல்லாத அக்கறை தனக்காவது இருக்கட்டுமே என்று நினைத்தாள்.

அதிகாரி அம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு வாடையும் இல்லை. ஆனாலும் அதை ஒரு பையில் போட்டுக் கட்டி வைத்துக்கொண்டார்.

அதற்குள் அப்பா விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நாற்காலி மேசைகளுக்குப் பாலிஷ் போடுகிற வேலை. இரண்டு கையும் முழங்கை வரை பழுப்பேறியிருந்தது. அவர் உள்ளே வந்ததும் அறை முழுக்க ஸ்பிரிட் நெடி அடித்தது.

“இது பாலிஷ் வாடை மேடம். சத்தியமா நான் குடிக்கிறதே இல்ல.”

“எல்லாரும் சொல்றதுதான். விசாரிச்சு முடியிற வரைக்கும் பையன் உங்ககூட வர முடியாது.”

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அவன் இல்லாம நான் இருக்க மாட்டேன் மேடம். மிஸ், நீங்களாவது சொல்லுங்க” என்று டீச்சரைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் ரிப்போர்ட்டோடு வந்தார். “ரத்தத்துல ஒரு சொட்டு சாராயம் இல்ல. ஆனா அமிலம் கன்னாபின்னான்னு ஏறியிருக்கு. அதை வெளியேத்தத்தான் உடம்பு இப்படி மூச்சு வாங்குது.” பையனின் சட்டையைத் தூக்கி, வயிற்றின் குறுக்கே ஓடிய பழைய தழும்பைக் காட்டினார். “இது என்ன ஆபரேஷன்?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “பொறந்த வாரமே குடல் முறுக்கிக்கிச்சு டாக்டர். பாதிக்கு மேல வெட்டி எடுத்துட்டாங்க. சொன்னா ஸ்கூல்ல சேர்த்துக்க மாட்டாங்களோன்னு பயந்து மறைச்சிட்டேன்.”

“அதான் விஷயம். குடல் குட்டையா இருக்கிறதால இனிப்பு செரிக்காம கீழ இறங்கிடுது. அங்க இருக்கிற கிருமிங்க அதைத் தின்னு ஒரு மாதிரி அமிலமா மாத்திடும். அது மூளைக்கு ஏறினா அசல் குடிச்ச மாதிரியே தள்ளாடும். ரொம்ப அபூர்வம், ஆனா இன்னும் ரெண்டு தடவை இப்படி ஆனா உயிருக்கே ஆபத்து.” டாக்டர் குரலை உயர்த்தினார். “இவனுக்கு ஜூஸ், மிட்டாய்னு யார் குடுக்கிறது?”

“எங்க வீட்டுல சீனி டப்பாவே கிடையாது டாக்டர்! இவன் பொறந்ததுலேர்ந்து நானே டீயில சீனி போட்டுக் குடிச்சதில்ல.”

“அப்போ குழந்தைக்குக் காத்துலயா இனிப்பு வந்துச்சு?” என்று அதிகாரி அம்மாள் சீறினார். நோட்டில் பேனா விறுவிறுவென்று ஓடியது. டீச்சருக்குக் குப்பென்று வியர்த்தது.

கட்டிலில் பையன் மெல்லக் கண் திறந்தான். டாக்டர் குனிந்து அவன் தலையைத் தடவினார். “ராஜா, இன்னிக்கு இனிப்பா என்ன சாப்பிட்ட? யாரு குடுத்தாங்க?”

பையன் அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்துச் சிரித்தான்.

“மிஸ், டாக்டர்கிட்ட மட்டும் சொல்லட்டுமா?”