போலி ஊர்

லாரி ஓட்டுநர்கள் நான்கு பேர். சரக்கு போக வேண்டிய ஊர்கள் மூன்று. வணிகக் கணிதத்தில் இதற்கு ஒதுக்கீட்டுக் கணக்கு என்று பெயர். யார் எந்த ஊருக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்று கட்டம் போட்டு எழுதி, மொத்த நாள்கள் மிகக் குறைவாக வரும்படி ஆளுக்கு ஓர் ஊரைக் கொடுக்க வேண்டும். ஓர் ஆள் அதிகம் என்பதால் நான்காவதாக ஒரு போலி ஊரைச் சேர்த்து, அதன் கீழ் எல்லாருக்கும் பூஜ்ஜியம் போடுவார்கள். போலி ஊர் கிடைத்தவர் வீட்டில் இருப்பார். அவ்வளவுதான் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சல்வழி வகுப்பில், நான்காம் ஓட்டுநர் என்றிருந்த இடத்தில் பூங்கோதை தன் கணவன் தங்கவேலின் பெயரை எழுதினாள். அவன் கடைசியாக வீட்டுக்கு வந்து போய் நாற்பது நாளாகிறது. கணக்கு அவனுக்குக் கௌகாத்தியைக் கொடுத்தது, மற்றவர்களைவிட அவன் அங்கே சீக்கிரம் போய்விடுவான் என்பதால். அவனுடைய ஒன்பது நாளை அழித்துப் பதினாறு ஆக்கினாள். நாக்பூர் வந்தது. அதற்கான நாளையும் கூட்டினாள். இந்தூர் வந்தது. மூன்று ஊருக்கும் அவனையே மிக மெதுவானவன் ஆக்கிய பிறகுதான் போலி ஊர் அவனுக்கு விழுந்தது. அந்தப் பூஜ்ஜியத்தைச் சுற்றி வட்டம் போட்டாள்.

பக்கத்தில் இருந்த கௌசிகா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்க்கா, இப்புடி ஓட்டுனா ஓனரு அண்ணன வேலைய விட்டே நிறுத்திப்புடுவாருங்க."

பூங்கோதை பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"ஒரு வாரத்துக்குத்தான் கண்ணு. அப்புறம் பழைய நம்பரையே எழுதிர்றேன்."