பந்தல் பானையும் சங்கிலி டம்ளரும்

சித்திரை வெயிலில் பஸ் நிறுத்தத்தில் தண்ணீர்ப் பந்தல் திறந்தார்கள். அன்றைக்குப் பூமாலை, மோர், தர்பூசணி, போட்டோ எல்லாம் அமர்க்களப்பட்டது. மறுநாள் ஒருவரும் வரவில்லை. மண்பானையும், சங்கிலியில் கட்டிய டம்ளரும், பேனரில் கும்பிட்டுச் சிரிக்கும் தலைவரும்தான் மிச்சம்.

மூன்றாம் நாள், தெரு கூட்டும் அஞ்சலை காலிப் பானையை எட்டிப் பார்த்தாள். அடிகுழாயில் இரண்டு குடம் அடித்து வந்து ஊற்றினாள். அன்றிலிருந்து தினமும் ஊற்றினாள்.

குடித்தவர்கள் பேனரைப் பார்த்து, "மகராசன் நல்லா இருக்கணும்" என்றார்கள்.

டம்ளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்க்கா, ஊத்துறது இவ, வாழ்த்து அந்தாளுக்கா?"

"ஊத்துறது யாருன்னு அவங்களுக்குத் தெரியாதுடா" என்றது பானை.

ஒரு நாள் அஞ்சலை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தாகத்தோடு வந்த ஒருவர் பானையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்:

"தினமும் ஊத்துவாளே அந்தப் பொம்பள, அவளுக்கு என்ன கேடு?"

"தெரிஞ்சுதான் இருந்திருக்குக்கா" என்றது டம்ளர்.

வராமல் போனதிலிருந்து நாலாம் நாள், உச்சி வெயிலில் அஞ்சலை வந்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. கையில் ஆஸ்பத்திரி மாத்திரை. டம்ளரைப் பானைக்குள் விட்டுத் துழாவினாள். காய்ந்த அடிமண்தான் உரசியது.

அடிகுழாயைப் பார்த்தாள். அடிக்கத் தெம்பில்லை.

தூசி விழாமல் பானையைத் தட்டால் மூடிவிட்டு, மாத்திரையை வெறும் வாயில் போட்டு விழுங்கினாள்.