திருத்தாத குரல்

கபிலன் பாடகன். அவன் பாடல்களை வெளியீட்டுக்குத் தயார் செய்பவள் நான், அவன் மனைவி. தயார் செய்வதென்றால், மென்பொருள் தானாகவே குரலின் பிசிறுகளைத் திருத்தி முடித்ததும் நான் சம்மதம் கொடுப்பது, அவ்வளவுதான். அதே மென்பொருள் எங்கள் காதுக்கருவிகளிலும் இருக்கிறது. எல்லோரையும் போல நாங்களும் வீட்டில் ஒருவரையொருவர் அதன் வழியாகவே கேட்கிறோம். எங்கள் சண்டைகூட இனிமையாகத்தான் இருக்கும்.

அன்று சாதத்தில் தயிர் ஊற்றும்போது என் கருவியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

"அந்த ஊறுகாயை எடு, சௌமி" என்றது ஒரு கரகரத்த குரல். நிமிர்ந்து பார்த்தேன். கபிலன்தான்.

"உன் தொண்டைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லையே. காலைல பாடினதுக்கு நீதானே ஓகே குடுத்தே?"

மறுநாள் மருத்துவர் அவன் தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். உள்ளே கட்டி வளர்ந்திருந்தது.

"குரல் எப்போலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

கபிலன் என்னைப் பார்த்தான். கேட்பதுதான் என் தொழில்.

"சாஃப்ட்வேர்ல பாத்துத்தான் சொல்லணும், டாக்டர்" என்றேன். சொன்ன பிறகு, யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் இருவரும் கருவிகளைக் கழற்றிப் பைக்குள் போட்டோம்.

"விடு சௌமி. என் தொண்டை, எனக்கே தெரியல. ஊருக்கெல்லாம் தேனாத்தானே கேட்டுது" என்று சிரிக்கப் பார்த்தான்.

அவனுடைய சொந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதில் நோய் எவ்வளவு, வயது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.