தைத்த பெயர்

"இஞ்சாரும்! மெல்பேர்ன் ஐஸ் ஹொக்கி அணியில என்ர மகனை எடுத்திட்டாங்கள். சட்டை முதுகில என்ர பேரைப் பெரிசாத் தையும்" என்றார் என் கணவர் கனகநாயகம்.

"உந்த விளையாட்டுச் சோறு போடுமோ?" என்று அவனை அடித்து, ஐஸில் சறுக்கக் காலில் போடும் சப்பாத்தைக் குப்பையில் எறிந்தவர் அவர்தான். பொறுக்கி ஒளித்துவைத்தது நான்.

முதல் ஆட்டத்துக்கு நண்பர்களையும் கூட்டிவந்தார். "அவன்ர முதுகைப் பாருங்கோ!"

மகன் கோல் அடித்தான். அரங்கமே எழுந்து முதுகிலிருந்த பெயரைக் கத்தியது.

"பவளம்! பவளம்!"

"ஆரப்பா பவளம்?" என்று ஒரு நண்பர் கேட்டார்.

கலியாணநாள் தொட்டு என்னை 'இஞ்சாரும்' என்றே கூப்பிட்டவர் என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் அண்ணை" என்றேன். "தைச்சதும் நான்தான்."