ஐந்தாவது டப்பா

பட்டறை மேசையில் பரப்பி வைத்த பற்சக்கரங்கள் மேல் சாயங்கால வெயில் கிடக்கிறது. கடிகாரம் பழுதுபார்ப்பவர் பைப்பைப் பற்றவைத்து, நாக்கோரத்தில் ஒரு மாதமாக ஆறாத புண்ணைப் பல்லால் நெருடியபடி புகையை இழுக்கிறார். மச்சான் ஆசையாக அனுப்பிய ஐந்து டப்பாப் புகையிலையும் தார் வாடை. முதல் டப்பாவில் குமட்டிக்கொண்டு வாய் கொப்பளித்தவர், கொடுத்த மனுஷன் மனம் நோகக் கூடாதென்று வீம்பாகப் பழகுகிறார். இன்று ஐந்தாவது டப்பா. முகம் சுளிக்கவில்லை. "ஒருவழியா பழகிடுச்சு. இப்ப கசப்பே தெரியல," என்கிறார். எதிரே டீயுடன் வந்து உட்கார்ந்த மனைவிக்குப் பூரிப்பு. "அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க, இன்னும் பத்து டப்பா அனுப்பி வச்சிருவாரு." அவர் சிரிக்கிறார், இருமுகிறார், டீயை ஒரே மூச்சில் குடித்து வைக்கிறார். பிறகுதான் அவள் தன் டம்ளரை வாயில் வைக்கிறாள். இரண்டு டம்ளரிலும் சர்க்கரை போடவே மறந்திருக்கிறாள். அரைக் கரண்டி குறைந்தாலே டம்ளரைத் தள்ளிவிடுகிற மனிதர் அவர். "டீ எப்படி இருந்துச்சு?" "எப்பவும் போலத்தான். ஏன்?" சுவரில் ஏழெட்டுக் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் துடிக்கின்றன. அவள் எழுந்து, கடிகாரங்கள் மேல் மட்டுமே குனிந்து பழகிய மேசை விளக்கை அவர் முகத்துக்குத் திருப்புகிறாள். "வாயத் தொறங்க."