ஆகவே

“தெரியும்னு சொல்றீங்களா டாக்டர், இல்லை நம்புறேன்னு சொல்றீங்களா? ரெண்டும் வேற வேற.”

டாக்டருக்கு முகம் சுருங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வயது மகன் மூன்று நாளாக மெஷின் மூச்சில் கிடக்கிறான். பக்கத்தில் நின்றுகொண்டு பெற்ற அப்பன் கேட்கிற கேள்வியா இது?

“தெரியும் சார். பைக்லேருந்து விழுந்ததுல மூளை முழுசா செத்துப்போச்சு.”

“எப்படித் தெரியும்?”

கட்டிலின் கால்மாட்டில் பையனின் அம்மா, மகனுடைய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

கேள்வி கேட்டவர் கல்லூரிப் பேராசிரியர். முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கிரேக்கத் தத்துவமும் தர்க்கமும் நடத்துகிறவர். பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஆகவே சார்’.

“என் தம்பி இவர்கிட்டதான் படிச்சான்,” என்று சீனியர் நர்ஸ் பக்கத்து நர்ஸின் காதைக் கடித்தாள். “தெரியாது சார்னு சொன்னாக்கூட விடமாட்டாராம். தெரியாதுன்னு எப்படித் தெரியும்னு கேப்பாராம். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் சாக்ரடீசுக்கு ஊர்க்காரங்க விஷத்தைக் குடுத்தாங்களாம். குடுக்காம என்ன பண்ணுவாங்க?”

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “வெளியே போய்ப் பேசலாம் சார். அம்மா இருக்காங்க.”

“வேண்டாம், இங்கேயே சொல்லுங்க. நெஞ்சு ஏறி இறங்குதே?”

“மெஷின் ஏத்தி இறக்குது.”

“மெஷினை நிறுத்திப் பாத்தீங்களா?”

“ராத்திரியும் காலைலயும் பாத்தோம். மூச்சு வரலை.”

“எத்தனை பேர் பாத்தீங்க?”

“நாலு டாக்டர். ஆறு மணி நேரம் விட்டு ரெண்டு தடவை.”

“நேத்து இவன் விரல் அசைஞ்சுது. இவளும் பாத்தா.”

அம்மாவின் பிடி இறுகியது.

“அது தண்டுவடத்துலேருந்து வர்ற அசைவு சார். மூளைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.”

“இன்னும் பத்து நாள் பொறுத்தா?”

“இதயம் தானா நின்னுடும். பையன் திரும்ப வரமாட்டார்.”

“மெஷினை எடுக்கும்போது வலிக்குமா?”

அம்மா முதல்முறையாக நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள்.

“வலிக்காதும்மா,” என்றார் டாக்டர் அவளிடமே. “வலின்னு ஒண்ணு இனிமே அவருக்குக் கிடையாது.”

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறாரே இந்த மனுஷன் என்று நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் நிறுத்துவதாக இல்லை.

“சரி. மூளை செத்தா மனுஷன் செத்தாச்சு. இவன் மூளை செத்தாச்சு. ஆகவே?”

டாக்டர் பல்லைக் கடித்தார்.

“நீங்கதான் சொல்லணும் டாக்டர். ஆகவே?”

“ஆகவே... உங்க பையன் இறந்துட்டார்.”

மகனின் பாதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்த அம்மா கதறினாள். வார்டில் யாராலும் பார்க்க முடியவில்லை. வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள்.

“போதுங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு கேளுங்க.”

இரண்டு பேரும் போட்டார்கள்.

வராந்தாவில் டாக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“வயசுல பெரியவர்னு பாக்கறேன் சார். பெத்தவளை வச்சுக்கிட்டு இப்படியா பாடம் நடத்துவீங்க? உங்களுக்கு மனசே கிடையாதா?”

பேராசிரியர் சுவரைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பேனாவை மூட முயன்றார். மூடி கீழே விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

“முந்தாநாள் ஸ்கேனைக் காட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு டாக்டர். இருந்த ஒரே பிள்ளை போயிட்டான்னு அப்பவே தெரியும்.”

“அப்புறம் எதுக்கு சார் இத்தனை கேள்வி?”

“என் மாமனாருக்கும் இப்படித்தான் ஆச்சு. டாக்டர் சொன்னதும் ஒரு வார்த்தை கேக்காம நான் கையெழுத்துப் போட்டுட்டேன். விரல் அசைஞ்சுதே பாத்தாங்களா, அப்பாவுக்கு வலிச்சிருக்குமா, இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமோன்னு பதினோரு வருஷமா அவ தூக்கத்துலேருந்து எழுந்து உக்காந்து கேக்கறா. இன்னைவரைக்கும் என்கிட்ட பதில் இல்லை.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னைக்கு நான் கேட்டதுல ஒண்ணுகூட என் கேள்வி இல்லை டாக்டர். எல்லாம் இனிமே அவ கேக்கப்போறது.”