அரைக்கட்டை கீழே
மின்சாரம் போய்ச் சலவைக்கூடத்து இயந்திரங்கள் வாயடைத்த ஒரு மதியத்தில் பிறந்த குழு இது. வாத்தியமே கிடையாது, ஐந்து தொண்டைகள்தான். இன்று நால்வர் அரைவட்டமாக நிற்கிறார்கள், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு. இஸ்திரி போடும் அக்காவின் தம்பி அங்கே நின்றுதான் முனகிச் சுருதி கொடுப்பான். எப்போதும் அரைக்கட்டை இறக்கியே கொடுப்பான், அக்காவிடம் எப்போதும் திட்டு வாங்குவான். அவன் செத்து இருபது நாளாகிறது. “நீங்களே சுருதி குடுங்கக்கா,” என்கிறான் வேன் டிரைவர். “எனக்கு வராதுப்பா.” தொங்கும் விரிப்புகளிலிருந்து நீர் சொட்டுகிறது. அவள் கண்களை மூடுகிறாள். நால்வரும் ஒரே நொடியில், ஒரே சுருதியில் பாட்டை எடுக்கிறார்கள். இரண்டாம் அடியில் டிரைவர் குரல் நிற்கிறது. “சுருதி யாரு குடுத்தது?” எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அவள் மட்டும் காலி இடத்தைப் பார்த்து, பழக்கதோஷத்தில் அதட்டுகிறாள்: “இன்னிக்குமாடா அரைக்கட்டை கீழ?”